பத்து நாற்பதுக்குப் போன கடல்

"என்ரை சாம்பலை நீதான் கரைக்கவேணும், பிள்ளை. கொண்ணனிட்டைக் குடுத்திடாதை. அவன் எங்கையாவது மறந்து வைச்சிட்டு வந்திடுவான்."

கௌரி இதைச் சொன்னபோது மூக்கில் குழாய் இருந்தது, கண்ணில் பகிடி இருந்தது. இருபத்திரண்டு வருடம் பிறத்தியாருடைய அலுவலகங்களில் கழிவறை கழுவியவளுக்குத் தன் சாவைப் பற்றிப் பேச ஒரு கூச்சமும் இருக்கவில்லை. மகன் உதயனின் மறதி அந்த வீட்டின் பழைய கதை. பள்ளிக்கூடப் பையை மெற்றோவில் விட்டவன். பாஸ்போட்டை விமான நிலையத்துக் கழிவறையில் விட்டவன். ஒருநாள் சொந்த மகளையே பிள்ளைக் காப்பகத்தில் ஏழு மணிவரை மறந்துபோய் இருந்தவன். மகள் தாட்சாயினி சிரித்துக்கொண்டு "ஓம் அம்மா" என்றாள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் கௌரி செத்துப்போனாள். சிரித்துக்கொண்டு கொடுத்த வாக்கு தாட்சாயினியின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது.

செத்தவீட்டு அலுவல் முழுவதும் அவள் தலையில்தான் விழுந்தது. அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் அவள். சட்டம் படித்து மாஸ்டர் முடித்தவள். ஆஸ்பத்திரிக் கடதாசியான பப்பியே, நகரசபையான மெரியின் பப்பியே, மின்சுடலைக்கு நேரம் எடுக்கும் றோந்தேவூ, சாம்பலைக் கடலில் கரைக்கப்போவதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம் என்று ஒவ்வொன்றுக்கும் உதயன் சொன்ன பதில் ஒன்றுதான்: "நீ படிச்சனீதானே."

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நெருங்கியது. சாம்பலை நீரில் விடுகிற நாள். அதற்கு மட்டும் அவளுடைய படிப்பு செல்லாக்காசாகிவிட்டது.

"அது ஆம்பிளைப்பிள்ளையின்ரை உரித்து. நீ கரையிலை நிண்டு கும்பிடு" என்றான் உதயன்.

"அம்மா என்னட்டைத்தான் சொன்னவ."

"ஆர் சாட்சி?"

நான்கு நாட்கள் சண்டை பிடித்தாள். சட்டம் படித்தவளிடம் சாட்சி கேட்கிறான். சாட்சி சாம்பலாகி அவன் கையில் ஒரு மண்முட்டிக்குள் இருந்தது.

ஜூலை மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்கு, தமிழ்க் கடைகள் உள்ள ரூ லூயி-பிளாங் வீதியில் ஒரு படகு நின்றது. ட்ரெயிலரில் ஏற்றி, காரின் பின்னால் கொளுவி, வீதியில் பாதியை அடைத்துக்கொண்டு, முன்னால் ஒரு செவ்வந்தி மாலையோடு நின்றது. சொந்தக்காரர் இராஜதுரை. அந்த வீதியில் ஃபோன் கடை வைத்திருப்பவர். ஒரு வெள்ளைக்காரனிடம் மீன்பிடிப் படகைப் பழையதாக வாங்கி, 'அந்தியேட்டிப் பேக்கேஜ்' என்று கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். படகு, ஐயர், முட்டி, பூ, மதியச் சாப்பாட்டுப் பார்சல், வீடியோ. எல்லாம் ஒரே தடவையில் முடியும். போன வருடம்வரை மார்ன் ஆற்றில் களவாக ஆட்களைக் கரைத்துக்கொண்டிருந்தார். பொலிஸ் பிடித்துத் தண்டம் எழுதிய பிறகுதான் கடல் நினைவுக்கு வந்தது. கடலுக்கு இதுவே முதல் பயணம் என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

படகு மணத்தது. எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன் போன கோடையில் ஆசனத்தின் அடியில் விட்டுப்போன தூண்டில் இரை அங்கேயே அழுகிக் காய்ந்திருந்தது. அதன்மேல் இராஜதுரை பன்னீர் தெளித்திருந்தார். இரண்டும் சேர்ந்த நாற்றம் தாட்சாயினிக்கு நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"இதுக்குள்ளையோ அம்மாவைக் கொண்டு போறியள்?"

"கடலுக்குப் போனா எல்லாம் கழுவுப்படும், தங்கச்சி" என்றார் இராஜதுரை, ஒரு விசிட்டிங் கார்டின் மூலையால் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டு.

உதயன் உட்பட எட்டு ஆம்பிளைகளும் ஐயரும் ஒரு வேனில் ஏறினார்கள். தாட்சாயினிக்கு அதில் இடமில்லை. இராஜதுரையின் காரில், மாலை போட்ட படகை இழுத்துக்கொண்டு, நான்கு மணித்தியாலம் போனாள். வழிநெடுக அவர் ஃபோனில் அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று செத்தவர்களுக்குத் தேதி கொடுத்துக்கொண்டு வந்தார்.

நோர்மண்டிக் கரையில் அது ஒரு சின்னத் துறைமுக ஊர். கரையிலிருந்து தண்ணீருக்குள் சரிந்து இறங்கும் சீமெந்துச் சரிவு ஒன்று. அதில்தான் எல்லாரும் ட்ரெயிலரைப் பின்பக்கமாக இறக்கிப் படகைத் தண்ணீரில் விடுவார்கள். பத்து மணி தாண்டி ஐந்து நிமிடம். முன்னால் ஏழு வண்டிகள் வரிசையில் நின்றன. நீச்சல் உடுப்போடு பெண்டுகள், ஐஸ்பெட்டிகள், நாய்கள், மூக்குச் சிவந்த கிழவர்கள். சரிவின் தலைப்பில் ஒரு கரும்பலகை. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி: ரப்பர் சப்பாத்து, கழுத்தில் விசில், அறுபது வயது. அவளுடைய பெயர் மரி-லூயிஸ். துறையின் காவல்காரி.

தாட்சாயினி இறங்கிப்போய்ப் பலகையை வாசித்தாள். சோக்கால் எழுதியிருந்தது: சரிவில் தண்ணீர் பத்து நாற்பது வரை. பிறகு மாலை ஆறு மணிக்கு.

"இதென்ன, தண்ணி விடுற நேரமோ?" என்று பின்னால் வந்த உதயன் கேட்டான். வெள்ளை வேட்டி, வெறும் மேல், முட்டி ஒரு கக்கத்தில், ஃபோன் மற்றக் கையில்.

"கடல் போற நேரம். பத்து நாற்பதுக்குப் பிறகு இஞ்சை வெறும் சேறு. வெளியிலை போட் நிண்டாலும் திரும்பி வரேலாது. பின்னேரம் ஆறு மணிக்குத்தான் திரும்பக் கடல் வரும்."

உதயன் சிரித்தான். "கடல் எங்கை போகும்? வேலைக்கோ?"

அந்தச் சிரிப்பில் வேனில் இருந்து இறங்கிய அத்தனை ஆம்பிளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவனுக்கும் கடல் புதிதில்லை. ஆனால் ஊரில் அவர்கள் கண்ட கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் வற்றும். காலையில் விட்ட இடத்தில் மாலையிலும் கிடக்கும். நேரம் குறிப்பது ஐயரின் வேலை, அந்த நேரத்துக்கு அங்கே கிடப்பது கடலின் வேலை. ஐயர் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம் பதினொரு மணி. இந்தக் கரையில் கடல் மூன்று ஆள் உயரம் இறங்கி, கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டு வரும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

"ஐயா, பதினொரு மணிக்குத் தண்ணி இருக்காது. இப்பவே செய்யுங்கோ" என்று அவள் நேரே ஐயரிடம் கேட்டாள்.

"நேரத்துக்கு முன்னம் செய்தால் ஆத்மா அலையும், பிள்ளை" என்றார் அவர். வாய் ஆத்மாவில் நின்றாலும் கண் ஃபோனில் நின்றது. இரண்டு மணிக்குத் திரும்பிப் போய் ஓல்னே-சூ-புவாவில் இன்னொரு அந்தியேட்டி செய்யவேண்டும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

"இரண்டு மணிக்கு இஞ்சையிருந்து எப்பிடி ஐயா அங்கை நிப்பீங்கள்?"

"அதெல்லாம் ஆண்டவன் பாத்துக்கொள்ளுவான்."

முறை வந்தது. இராஜதுரை ட்ரெயிலரைப் பின்னால் தள்ளினார். இடப்பக்கம் போகவேண்டியது வலப்பக்கம் போனது. முன்னுக்கு எடுத்தார், மறுபடி தள்ளினார். இந்தமுறை காரும் ட்ரெயிலரும் மடித்த கத்திபோல ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். எட்டு ஆம்பிளைகளும் எட்டுத் திசையில் கைகாட்டினார்கள். "வலக்கைப் பக்கம் ஒடியுங்கோ!" "எந்த வலக்கை, உன்ரையோ என்ரையோ?" "விடு, விடு, விடு... ஐயோ, நிப்பாட்டு!" ஐந்தாவது தடவையில் அரைகுறையாகத் தண்ணீர் தொட்டது. அதற்குள் சரிவின் கீழ்ப்பகுதியில் பாசி படிந்த இன்னொரு இரண்டு முழம் வெளியே தெரியத் தொடங்கிவிட்டது. கடல் சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது.

பத்து முப்பதுக்குப் படகு மிதந்தது. உடனே கடலுக்குப் போனாலும் போயிருக்கலாம். போகவில்லை. உதயன் முட்டியைத் தலையில் வைத்துப் படம் எடுத்தான். பிறகு தோளில் வைத்து எடுத்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒன்று எடுத்தான்.

தாட்சாயினி செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கினாள்.

"நானும் வாறன்."

"பொம்பிளையள் வாறேல்லை" என்றார் உதயனின் மாமனார், படகுக்குள் நல்ல இடமாகப் பார்த்து முதலிலேயே குந்திவிட்டவர்.

"ஏன்? கடல் கேட்டதோ?"

"தாட்சா, சபையிலை வைச்சு மானத்தை வாங்காதை" என்று பல்லைக் கடித்தான் உதயன். "போ, மேலை போய் நில்."

மானம். வரிசையில் நின்ற ஊரே இவர்களுடைய தொப்பையையும் வேட்டியையும் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. மானத்தை அவள்தான் வாங்கப் போகிறாளாம்.

துறையிலிருந்து கடலுக்குப் போகும் வாய்க்காலுக்கு அப்பால் சின்ன அலைகள் வெள்ளை காட்டின. ஐயர் ஒருதரம் எட்டிப் பார்த்தார். "உங்கை ஆட்டமாக் கிடக்கு. இதிலையே கட்டி வைச்சு மந்திரத்தை முடிப்பம்" என்றார். படகைச் சரிவின் இரும்பு வளையத்தில் கட்டினார்கள். உதயன், மாமனார், ஐயர், இராஜதுரை நாலுபேர் மட்டும் படகில் இருக்க, மற்றவர்கள் கரையில் நின்றார்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, இராஜதுரை கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ விட்டார். படகு சரிவின் முடிவைத் தாண்டி, பதினைந்து மீற்றர் வெளியே போய் நின்றது. ஐயர் தர்ப்பையைப் போட்டார். மணியை அடித்தார். மந்திரத்தின் நடுவில் ஃபோன் அடித்தது. "ஓம், ஓம், வந்துகொண்டு இருக்கிறன், வாழையிலை எடுத்து வையுங்கோ" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்தில் தொடங்கினார்.

மரி-லூயிஸ் மூன்று தரம் விசில் ஊதினாள். பிறகு தாட்சாயினியிடம் வந்தாள்.

"உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள், இன்னும் ஐந்து நிமிடத்தில் அடி தட்டும்."

தாட்சாயினி தமிழில் கத்தினாள். "அண்ணா! அடி தட்டப்போகுதாம்! ஒண்டில் வெளியிலை போங்கோ, இல்லாட்டித் திரும்பி வாங்கோ!"

"அவளுக்கு எங்கடை முறை விளங்காது எண்டு சொல்லு!" என்று உதயன் திருப்பிக் கத்தினான்.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள் மரி-லூயிஸ்.

"தான் ஒரு மடையன் என்கிறார்."

கிழவி தலையாட்டினாள். அது அவளுக்கு முதலே தெரிந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஐயர் குறித்த நேரம் வந்தது. கடல் இல்லை. படகு ஒரு முக்கு முக்கிவிட்டுச் சேற்றில் குந்தியது. இராஜதுரை பதறிப்போய் எஞ்சினை முடுக்கினார். விசிறி சேற்றுக்குள் சுழன்று ஆளுயரத்துக்குக் கரியநிறச் சேற்றை வாரி எறிந்தது. நான்கு பேரும் தலையிலிருந்து வேட்டிவரை நனைந்தார்கள். அழுகின நண்டின் நாற்றம் சரிவுவரை வந்தது. பிறகு படகு மெதுவாக ஒருபக்கம் சரிந்தது. மாமனார் "முருகா!" என்று கத்திக்கொண்டு முதல் ஆளாகக் குதித்தார். தொடைவரை புதைந்தார்.

ஐயர் முட்டியைக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அரைவாசி அவிழ்த்து முட்டிக்குள் விரலை விட்டார். ஒரு பிடிகூட இல்லை, நுனிவிரலால் ஒரு சிட்டிகை. அதைப் படகோரத்தில் நின்ற எண்ணெய் மிதக்கும் குட்டைக்குள் போட்டார். "சம்பூர்ணம். மிச்சத்தை நீர் விடும், தம்பி" என்று சொல்லிவிட்டு அவரும் இறங்கினார். உதயன் சாம்பலை விட்டானோ, விட நினைத்தானோ, அதற்குள் சேறு அவனுடைய கவனத்தைப் பிடித்துவிட்டது. ஃபோனைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தான். இரண்டு மீன்பிடிகாரர் பலகைகளைப் போட்டு, கயிறு எறிந்து, நால்வரையும் மாடு இழுப்பதுபோல இழுத்தெடுத்தார்கள். ஐயரின் செருப்பு ஒன்று சேற்றோடு போனது. நன்றி என்று ஒரு வார்த்தை ஒருவனும் சொல்லவில்லை. தாட்சாயினிதான் நின்று ஒவ்வொருவருக்காகச் சொன்னாள். நாளாந்தம் வெளிநாட்டவர் அலுவலகத்தில், பள்ளிக்கூடத்தில், வங்கியில் இவர்களுக்காகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே நன்றி, அதே மன்னிப்பு.

மரி-லூயிஸிடம் அவள் பத்திரங்களைக் காட்டிக்கொண்டு நின்ற நேரம் வேன் கிளம்பிவிட்டது. அவர்கள் திரும்பிப்போய்ச் சேரவேண்டிய லா ஷப்பலில் அறுபது பேருக்கு அந்தியேட்டிச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் காரில் வருவாள் என்று நினைத்தார்களோ, அவளைப்பற்றி நினைக்கவே இல்லையோ.

சரிவின் முடிவுவரை இறங்கிப் போனாள். பதினைந்து மீற்றருக்கு அப்பால் படகு செத்த மாடுபோலச் சரிந்து கிடந்தது. அதற்குள், சாப்பாட்டுப் பார்சல்களுக்கு நடுவில், வெள்ளைத் துணி ஒன்று தெரிந்தது. துணிக்குள் முட்டி.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அம்மா, உனக்கு எப்படியம்மா இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது? அப்படியே பாவாடையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாலு அடியில் முழங்கால்வரை இழுத்தது. மரி-லூயிஸின் கை பின்னாலிருந்து அவளுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தது.

"இன்னொரு ஆளை நான் இன்றைக்குத் தோண்டி எடுக்கமாட்டேன். ஆறு மணிவரை இருங்கள்."

"என் அம்மா அதற்குள் இருக்கிறாள்."

கிழவி படகைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "கடல் வரும்" என்றாள். "அது மறப்பதில்லை."

ஏழு மணித்தியாலம். உதயனுக்கு ஒன்பது தரம் ஃபோன் எடுத்தாள், ஒருதரமும் தூக்கவில்லை. ஒரு மணிக்கு குடும்ப வட்ஸ்அப்பில் படம் வந்தது. முட்டி தலையில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல். கீழே: 'எங்கள் தெய்வத்தின் அஸ்தி அவரது அன்பு மகனால் கடலில் சங்கமமானது.' அதன் கீழே நாற்பது கைகூப்பல்கள்.

அந்த நேரத்தில் தெய்வத்தின்மேல் கடற்காகங்கள் இறங்கிவிட்டிருந்தன. முதலில் பிண்டச்சோற்றைத் தின்றன. பிறகு பார்சலைக் கிழித்து வடையை இழுத்தன. ஒன்று முட்டியின்மேலேயே ஏறி நின்று பேண்டது. தாட்சாயினி கல் எறிந்தாள். செருப்பை எறிந்தாள். தொண்டை கிழியக் கத்தினாள். ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போன ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை விலத்தி அழைத்துக்கொண்டு போனது.

இராஜதுரை காரின் ஆசனத்தைச் சாய்த்துக் காலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் குறட்டை விட்டார். சேறு காய்ந்து அவருடைய குதியில் செதில் செதிலாக வெடித்தது. நான்கு மணிக்கு எழும்பி வந்தார்.

"சாப்பாடு எல்லாம் பறவை திண்டிட்டுதே?"

"ஓம் அண்ணை. நீங்கள் அதைப்பற்றிக் கவலைப்படுங்கோ."

"கோவிக்காதையும் தங்கச்சி. எனக்கு மட்டும் தெரியுமே, இது இப்பிடி வத்திப்போற கடல் எண்டு?"

"பலகையிலை எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சுச் சொன்னனான். ஒம்பது ஆம்பிளையள் நிண்டு சிரிச்சனீங்கள்."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு தன்பாட்டில் சொன்னார்: "ஐயரை மாத்தவேணும்."

ஆறு மணிக்கு முன்னமே நீர் வந்தது. முதலில் சேற்றில் ஒரு பளபளப்பு, பிறகு ஒரு ஓடை, பிறகு எல்லாப் பக்கமும். சரிந்த படகு தயங்கித் தயங்கி நிமிர்ந்தது. காலையில் போனவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தார்கள். சரிவின் தலைப்பில் ட்ரெயிலர்கள் வரிசையாக நின்றன. தண்ணீரில் படகுகள் வரிசையாக நின்றன. மரி-லூயிஸ் விசிலோடு நடுவில் நின்று, ஒரு படகுக்குப் பத்து நிமிடம் என்று கறாராக ஏற்றி அனுப்பினாள்.

இராஜதுரை காரை வரிசையில் விட்டார். "தங்கச்சி, நீர் தண்ணிக்குள்ளை இறங்கிப் போட்டைப் பிடிச்சு, மூக்கை நேரா ட்ரெயிலருக்குள்ளை விடும். நான் ஒருத்தன் இரண்டையும் செய்யேலாது."

"பொம்பிளையள் கடலுக்கு இறங்கலாமோ, அண்ணை?"

"சீ, உது வேறை அலுவல்."

அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வளையத்துக் கயிற்றை அவிழ்த்து, படகை இழுத்தாள். ஏறினாள். முட்டியை எடுத்து மடியில் வைத்தாள். துணியில் சேறும் எச்சமும் காய்ந்திருந்தன. ஆனால் அரைவாசி அவிழ்ந்த முடிச்சுக்குள் சாம்பல் அப்படியே இருந்தது. தன் சால்வையால் முட்டியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு அப்படியே இருந்தாள்.

முறை வந்தது. ட்ரெயிலர் தண்ணீருக்குள் இறங்கியது. "விடும்! நேரா விடும்!" என்று இராஜதுரை ஜன்னலால் கத்தினார்.

"முதல் வெளியிலை போவம். அம்மாவைக் கரைச்சுப்போட்டு வந்துதான் ஏத்துறது."

"விசரே உமக்கு? ஐயர் முடிச்சிட்டார்! உம்மடை அண்ணர் அறிஞ்சா என்னை என்ன சொல்லுவார்?"

"அப்ப நீங்கள் அண்ணரைக் கூப்பிட்டு ஏத்துங்கோ. நான் இதிலையே இருக்கிறன். இரவு பதினொரு மணிக்குத் திரும்பக் கடல் போகும். நாளைக்கும் நோட்டீஸ் ஒட்டுங்கோ."

பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். மரி-லூயிஸ் விசில் ஊதி, ஏற்றுவதா இல்லையா என்று கேட்டாள். இராஜதுரை அவளைப் பார்த்தார், படகைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு ட்ரெயிலரை வெளியே எடுத்து ஓரமாக விட்டுவிட்டு வந்து ஏறினார்.

வாய்க்காலைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. பாதித் தூரத்தில் அவர் எஞ்சினைத் தணித்தார். "இது காணும்."

"அந்த மஞ்சள் மிதவை தாண்டவேணும். முந்நூறு மீற்றர். பத்திரத்திலை கிடக்கு."

"ஆர் பாக்கிறது?"

"நான்."

மஞ்சள் மிதவை பின்னால் போனது. அவள் துணியை முழுதாக அவிழ்த்தாள். முட்டியைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டாள். நறநறவென்றது. அம்மாவின் கை எப்போதும் கழிவறை கழுவும் ஜாவெல் தண்ணியின் மணம் மணக்கும். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. இதில் ஒரு மணமும் இல்லை. பிடிபிடியாக விட்டாள். சாம்பல் நீரின்மேல் கொஞ்சநேரம் நின்று, சாம்பல் நிறத்தில் ஒரு துணி விரிவதுபோல விரிந்து, கீழே போனது. மந்திரம் ஒன்றும் தெரியாது.

"மறக்கேல்லை, அம்மா" என்றாள்.

பக்கத்தில் ஒரு வெளிச்சம். இராஜதுரை ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன செய்றியள்?"

"வீடியோ. பேக்கேஜிலை இருக்குதெல்லே."

"உள்ளுக்கு வையுங்கோ அதை. இல்லாட்டி அதுவும் கரையும்."

வைத்தார். கடைசியாக முட்டியையும் துணியையும் விட்டாள். முட்டி இரண்டு தரம் கொளுக் கொளுக்கென்று நீர் குடித்துவிட்டுத் தாழ்ந்தது.

திரும்பி வந்தபோது வரிசையில் கடைசி இடம்தான் கிடைத்தது. இராஜதுரை மறுபடி ட்ரெயிலரைப் பின்னால் தள்ளினார், மறுபடி கத்தியாக மடிந்தது. மூன்றாவது தரம் மடிந்தபோது மரி-லூயிஸ் காரின் கதவைத் திறந்து, அவரை இறங்கச் சொல்லி, தாட்சாயினியை ஏறச் சொன்னாள். "எந்தப் பக்கம் போகவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். கொஞ்சமாக. மெதுவாக. கூட்டத்தைப் பார்க்காதீர்கள், கண்ணாடியைப் பாருங்கள்." முதல் தரம் கோணியது. இரண்டாம் தரம் ட்ரெயிலர் ஒரு கோடுபோட்டதுபோல நேரே தண்ணீருக்குள் போனது. இராஜதுரை இடுப்பளவு நீரில் நின்று படகின் மூக்கை உள்ளே விட்டார்.

ட்ரெயிலரின் முன்னால் ஒரு கைபிடி இருந்தது. அதைச் சுற்றினால் நாடா சுருண்டு படகை மேலே இழுக்கும். இராஜதுரைக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பாம். அவள்தான் சுற்றினாள். பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாகக் கடக்குக் கடக்கென்று ஏறியது. நாற்றம் பிடித்த அந்தப் படகு, வாடிய மாலையும் கிழிந்த பார்சலும் பறவை எச்சமும் சுமந்துகொண்டு, அங்குலம் அங்குலமாக அவளை நோக்கி வந்தது.

"தங்கச்சி" என்றார் இராஜதுரை, மெதுவாகப் பக்கத்தில் வந்து. "அடுத்த ஞாயிறு கூசேன்வில்லிலை இருந்து ஒரு குடும்பம். நீர் பிரெஞ்சும் கதைப்பீர், பலகையும் வாசிப்பீர், ட்ரெயிலரும் விடுறீர். நீர் வந்து நிண்டீர் எண்டால்..."

அவள் சுற்றுவதை நிறுத்தாமல் அவரைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் அவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு படகின் பின்பக்கம் போய், கட்டாத கயிறு ஒன்றைக் கட்டுவதுபோலப் பாவனை செய்தார்.

ஃபோன் அடித்தது. உதயன். ஒரு கையால் சுற்றிக்கொண்டு ஒலிபெருக்கியில் போட்டாள்.

"தாட்சா, எங்கை நிக்கிறாய்? சரி, அதை விடு. படம் பாத்தனீயே? எல்லாரும் சொல்லினம், அம்மாவுக்கு மகன் குறையில்லாமல் செய்திட்டான் எண்டு." பின்னால் பாத்திரச் சத்தம், ஆட்களின் சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. "இஞ்சை ஒரு சின்ன விசயம். ஐயர் கேட்டவர். முட்டி... முட்டி உன்னட்டையோ?"

"இல்லை."

"வேனுக்குள்ளையும் இல்லை. இராஜதுரை அண்ணையின்ரை காருக்குள்ளை ஒருக்காப் பார்."

அவள் காரைப் பார்த்தாள். "காருக்குள்ளையும் இல்லை."

"போட்டுக்குள்ளை?"

கடக்கென்று கடைசிப் பல் விழுந்தது. படகின் மூக்கு ரப்பரில் வந்து முட்டி நின்றது. நனைந்த அடியிலிருந்து கடல் சொட்டிக்கொண்டிருந்தது.

"போட்டுக்குள்ளையும் இல்லை, அண்ணா."

"அப்ப எங்கையடி? நான் எங்கை வைச்சனான்?" அவனுடைய குரலில் முதன்முதலாகப் பயம் வந்தது. பாஸ்போட்டுக்கு வராத பயம், மகளுக்குக்கூட வராத பயம்.

தாட்சாயினி நாடாவின் கொளுக்கியை இறுக்கினாள். விரல் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு இன்னும் இருந்தது. அதைத் துடைக்கவில்லை.

"தேடு" என்றாள். ஃபோனை வைத்தாள்.